கரிக்கப்பல் என்ற பெயர் யாருக்கு?

எங்கள் அண்ணன் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அண்ணனைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஒன்றைத் தவிர. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் பிறந்தது அம்மாவின் ஊரான புன்னைக்காயலில். தொழில் செய்தது திரேஸ்புரத்தில். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. அப்பா விட்டுப்போன பாய்மர வள்ளத்தை வைத்தே அக்காவைக் கட்டிக்கொடுத்தார், என்னைப் பிளம்பர் வேலை படிக்க வைத்துத் துபாய்க்கு அனுப்பினார். பிறகு வள்ளத்துக்கு ஒரு பழைய டீசல் இன்ஜினும் வைத்தார். ஆனால் பாயைக் கழற்றவில்லை. "இன்ஜின் கோவிச்சுக்கிட்டா யாருல கூட்டிட்டு வருவா?" என்பார்.

புரொப்பல்லரைச் சுழற்றும் இரும்புத் தண்டு வள்ளத்தை விட்டு வெளியேறும் இடத்துக்குக் கிளாண்டு என்று பெயர். கடல்நீர் உள்ளே புகாதபடி கிரீஸ் தோய்த்த கயிற்றைத் திணித்து, நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். இன்ஜின் ஓடும்போது அங்கே கொஞ்சம் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் தண்டு சூடேறிவிடும். அண்ணனின் கணக்கு, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிப்பதற்குள் மூன்று சொட்டு. ஐந்தாறு ஆனால் நட்டில் கால் சுற்று இறுக்குவார். குனிந்து ஜெபம் சொல்லும் அண்ணனைப் பார்த்துப் பங்குச் சாமியாரே மலைத்துப்போனார். அண்ணனுக்குப் பக்தி உண்டுதான். ஆனாலும் பாதி ஜெபம் கிளாண்டுக்கு.

இந்தக் கணக்கு அப்போது எனக்குத் தெரியாது. பிளம்பருக்குச் சொட்டு என்றாலே ஆகாது. பதினொரு வருடத்துக்கு முன் விடுமுறையில் வந்திருந்தேன். குடும்பத்தோடு புன்னைக்காயல் திருவிழாவுக்கு வள்ளத்தில் புறப்பட்ட காலை, அண்ணன் டீசல் வாங்கப் போயிருந்தார். கிளாண்டில் ஈரத்தைப் பார்த்தேன், கை சும்மா இருக்கவில்லை. ஸ்பேனரை எடுத்து இரண்டு முழுச் சுற்று இறுக்கினேன். பொட்டு ஈரமில்லை. அண்ணனுக்கு நல்லது செய்துவிட்ட பெருமையோடு மேலே வந்து உட்கார்ந்தேன்.

அன்று வள்ளம் நிறையப் பிள்ளைகள். அண்ணனால் சுக்கானை விட்டு நகர்ந்து கிளாண்டைப் பார்க்க முடியவில்லை. பாதி வழியில் கீழேயிருந்து புகை வந்தது. மதினி பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார். அண்ணன் இன்ஜினை அணைத்துப் பாய் விரித்தார். கயிறு கருகிய இடத்தில் தண்ணீர் கொட்ட, நான் வழி நெடுக வாளியால் இறைத்தேன். முகமெல்லாம் புகைக்கரியோடு போய்ச் சேர்ந்தபோது திருப்பலியும் முடிந்திருந்தது, சோறும் முடிந்திருந்தது.

"என்ன மருமவனே, கரிக்கப்பல்லயா வந்தீரு?" என்றார் தாய்மாமா.

"கயிறு பழசாயிட்டு மாமா. நாந்தான் பாக்காம விட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

பெயர் ஒட்டிக்கொண்டது. சொட்டை எண்ணி வள்ளம் ஓட்டியவர், கவனமில்லாத கரிக்கப்பலாகிவிட்டார். நீங்கள் சிரித்தீர்கள், அண்ணனும் சிரித்தார். நானும் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். ஒருநாள் சாயந்திரம் கஞ்சி குடித்துவிட்டுக் கேட்டார்: "ஏலே, அன்னைக்கு எத்தன சுத்துல இறுக்குன?"

"ரெண்டுண்ணே."

"ரெண்டுதான். கழத்தும்போதே தெரிஞ்சிட்டு."

"பெறகு ஏன்ணே சொல்லல?"

"நீ போனா வர ரெண்டு வருசம் ஆவும். ஆளாளுக்கு ஏசி அனுப்புனா அங்கன போயி எப்படில சோறு எறங்கும்? நான் இங்கனதான கெடக்கேன், எனக்கென்ன" என்று சொல்லி, இருமல் வரும்வரை சிரித்தார்.

கடைசி மூன்று மாதமும் கண்ணை இமை காப்பதுபோல் அண்ணனைக் காத்த மதினிக்கும், நேரம் காலம் பார்க்காமல் ஆட்டோ கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், அடக்கத்தன்று கடலுக்குப் போகாமல் உடன் நின்ற திரேஸ்புரத்து மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வள்ளம் இப்போது என்னிடம் ஓடுகிறது, ஜெபத்துக்கு மூன்று சொட்டு. இந்தத் திருவிழாவுக்கு எல்லாரும் வாருங்கள். ஏறும்போது 'கரிக்கப்பல்' என்று கூப்பிடுங்கள். நான் திரும்பிப் பார்ப்பேன்.