இறங்கித் தள்ளிய தெரு

சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போனால் பின் சக்கரம் டிக் டிக்கென்று சத்தம் போடும். வளைகுடாவில், ருவைஸில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியருக்கு நான் டிரைவர். வெள்ளிக்கிழமை காலையில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிக்கப்பை நோக்கி வரும்போது அந்தச் சத்தம் கேட்டால், இந்த வயதிலும் நான் வண்டியை விட்டு இறங்கி நின்றுவிடுகிறேன்.

எங்கள் சேரியிலிருந்து பள்ளிக்கூடம் போக மேல்சாதிக்காரர்கள் தெருவைத் தாண்ட வேண்டும். என்னைச் சைக்கிளில் கொண்டுபோய் விடும் அப்பா தெருமுனைக்கு ரொம்ப முன்னாலேயே இறங்கிவிடுவார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, துண்டை இடுப்பில் சுற்றி, தலை குனிந்து தள்ளுவார். சாணி தெளித்த வாசல்களின் ஈர வாசனை அடிக்கும். அத்தனை அமைதியில் அந்த டிக் டிக் மட்டும் கேட்கும். எட்டாம் வகுப்புப் பரீட்சையன்று, அப்பாவின் சைக்கிளில் தனியாகப் போன நான், நேரமாகிவிட்டதே என்ற பயத்தில் இறங்கவில்லை.

"எறங்குடா நாயே! ஒங்கப்பனே எறங்குற தெருவுல தொரைக்கு சவாரி கேக்குதா?"

சைக்கிளைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்கள். அப்பா என்னை அடிக்கவில்லை. "பள்ளிக்கூடமே வேணாம்டா, உசுரோட இரு" என்றார். அந்தத் தெருவை நான் இன்றும் மன்னிக்கவில்லை. அப்பாவையும்தான்.

போன வாரம் இஞ்சினியர், லீவில் தான் சைக்கிளில் சுற்றப்போகும் பாதை என்று இங்கிலாந்து வரைபடம் ஒன்றை பானட்டின் மேல் விரித்தார். ஆள் நடமாட்டமில்லாத சாலைகள், வழியில் ஒன்பது கிராமங்கள். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"சார், இதுல எந்த ஊர்ல எறங்கித் தள்ளணும்?"

அவர் சிரித்தார். "முழுக்கச் சமதரை, மேன். ஒரு மேடுகூடக் கிடையாது. எதுக்கு இறங்கணும்?"

எங்கள் ஊரிலும் மேடு கிடையாது.