எங்கள் ஏரியில் புதுப் பள்ளம்

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். விடுதித் தோழிகளை, வாலாஜாபாத் பக்கமுள்ள எங்கள் ஊர் ஏரிக்குப் பெருமையோடு அழைத்துப்போனேன்.

"முட்டி ஆழந்தான்டி, எறங்கு" என்றேன்.

"முழுகிட்டா எங்கம்மாவுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்று சிரித்தபடி இறங்கிய செல்வி, சட்டென்று தண்ணீருக்குள் போய்விட்டாள். கோடையில் கம்பெனி கட்டும் மனைகளை மேடாக்க லாரிகள் அங்கே மண் அள்ளியிருந்தன. தேர்வுக்காக அப்போது விடுதியிலேயே இருந்த எனக்கு அது தெரியாது. மழைநீர் பள்ளத்தை மறைத்திருந்தது.

கல்லூரி விதிப்படி இரு தோளிலும் ஊக்கு குத்திய துப்பட்டாவைக் கிழித்து இழுத்து வீசினேன். நல்லவேளை, மேலே வந்தவள் பிடித்துக்கொண்டாள். எல்லோருமாகக் கரைக்கு இழுத்தோம்.

இருமல் நின்றதும் கேட்டாள்: "இன்னாடி, உங்கூர்ல முட்டி தலைக்கு மேலயா கீது?"

இப்போதெல்லாம் எங்கள் ஏரியே ஆனாலும், இந்த வருஷம் மண் எடுத்தார்களா என்று ஊரில் கேட்காமல் நான் கால் நனைப்பதில்லை.