மாஹிம் கரையில் காலைக் காற்றும் பிற்பகல் காற்றும்

போன ஜனவரியில் இரண்டு வேலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு மும்பை போனேன். ஒன்று, அக்காவின் முதல் வருஷத் திதி. இன்னொன்று, நான் வேலை பார்க்கும் சென்னைக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்காகக் கடலோரக் காற்றில் உள்ள உப்பைப் பிடித்து வருவது. ஊர் சுற்றும் பயணம் இல்லை. ஆனாலும் குளிர்காலத்தில் மும்பை போகிறவர்கள், அதிலும் மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இதில் இருக்கிறது.

சென்னையிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள். தாதரில் இறங்கி லோக்கல் ரயில் பிடித்தால் சயான். டிக்கெட் ஐந்து ரூபாய். (பெட்டி படுக்கையோடு காலை நேர லோக்கலில் ஏற முயலாதீர்கள். பத்தரைக்கு மேல் ஏறுங்கள்.) அங்கிருந்து தாராவிக்கு நடந்தேன்.

அத்தானுக்கு அங்கே பெல்ட் தைக்கும் பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு. ஒரு வருஷத்தில் தாடி முழுக்க நரைத்திருந்தது. திதி முடிந்த மறுநாள் என் பம்ப் பெட்டியைத் திறந்து காட்டினேன். பம்ப் காற்றை இழுக்கும். நடுவில் வைத்த வெள்ளை வடிதாளில் தூசும் உப்பும் தங்கிவிடும்.

“உப்பா? காத்துலயா?” என்றார்.

“அலை உடையும்போது தெறிக்கிற துளி காஞ்சா உப்புத் தூள்தானே அத்தான். கண்ணுக்குத் தெரியாது. காத்தோட ஊருக்குள்ள வந்திரும்.”

“அது நெஞ்சுக்கு நல்லதுன்னுதான எல்லாவனும் சொன்னான்.” குனிந்து தாளைப் பார்த்தார். “உங்க அக்காவ டெய்லி மாஹிம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனேம்லா மாப்ள. கடைசி மூணு மாசமும்.”

அக்காவுக்குப் பல வருஷமாக நுரையீரல் நோய். வாக்கிங் போகிறாள் என்று மட்டும் தெரியும். எங்கே, எப்போது என்று நான் கேட்டதில்லை.

அடுத்த நாள் விடியும் முன்பே அவரும் என்னோடு கிளம்பினார். தாராவியிலிருந்து மாஹிம் கரைக்கு இரண்டரைக் கிலோமீட்டர் இருக்கும், அரை மணி நேர நடை. கரையோர வீடு ஒன்றின் மொட்டை மாடியில் பம்ப் வைக்க முன்பே அனுமதி வாங்கியிருந்தேன். ஆறு மணிக்கு ஓடவிட்டுவிட்டு மணலில் இறங்கினோம். பனிமூட்டம் போலப் புகை. எதிரே கடலில் இருக்கும் பாலம்கூடச் சரியாகத் தெரியவில்லை. கடலைப் பார்த்து நின்றேன். காற்று முதுகில் பட்டது.

அத்தான் ஒரு குட்டைச் சுவரைக் காட்டினார். “இங்கனதான் உக்காருவா. நல்லா இழுத்து விடு, நல்லா இழுத்து விடுன்னு சொல்லிட்டே இருப்பேன்.”

ஒன்பது மணிக்கு எடுத்த தாள் சாம்பல் நிறமாக இருந்தது. புதுத் தாளோடு பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை மறுபடி ஓட்டினோம். இப்போது காற்று கடலிலிருந்து முகத்தில் அடித்தது. அந்தத் தாள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தது.

மணலில் இறங்கியதும் அத்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “எது காலையில எடுத்தது?”

“கருத்தது.”

“ஏன்?”

சொல்லாமல் இருக்க முடியவில்லை. குளிர்காலத்தில் ராத்திரி தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதனால் விடியற்காலையில் காற்று ஊரிலிருந்து கடலுக்குப் போகும். மதியம் வாக்கில்தான் திரும்பும். முந்தின நாள் கடலிலிருந்து உள்ளே வந்த உப்பு, ராத்திரி முழுக்க ஊரின் புகைக்குள் கிடக்கிறது. வண்டிப் புகையின் நைட்ரஜன் வாயுக்கள் அந்த உப்புத் துகளில் படிகின்றன. அவை நைட்ரேட்டாக மாறித் துகளிலேயே தங்கிவிட, அதிலிருந்த குளோரின் வாயுவாக வெளியேறுகிறது. வெயில் பட்டதும் அந்த வாயு உடைந்து, மிச்சப் புகையோடு சேர்ந்து நுரையீரலைக் கெடுக்கும் ஓசோன் உண்டாக வழி செய்கிறது. விடிந்ததும் அத்தனையும் இந்தக் கரை வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொன்னேன்.

“அப்ப அது கடல் காத்து இல்லையா?”

“இல்ல அத்தான். ஊர்க் காத்துதான்.”

அவர் அந்தக் குட்டைச் சுவரில் உட்கார்ந்தார். “அவ சாயங்காலம் போவோம்னுதான் சொன்னா. அது பெல்ட்டுச் சரக்கு அனுப்புத நேரம். யாவாரத்த விட்டுட்டு எப்படிப் போவ? காலைக் காத்துதான் சுத்தம்னு எழுப்பிக் கூட்டிட்டு வருவேன். ஒரு நாளு வரமாட்டேன்னு அழுதா.”

“இந்தத் தாள வச்சு அக்கா எதனால போனான்னு சொல்ல முடியாது. நோவு முன்னாடியே இருந்துச்சு. அந்த நேரத்துல வீட்டுல இருந்திருந்தாலும் ஊர்க் காத்துதானே அத்தான்.”

“வீட்டுல இருந்தா நான் நல்லா இழுத்து விடுன்னு சொல்லிருக்க மாட்டம்லா.”

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருட்டியதும் பம்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து திரும்பினோம்.

மறுநாள் அத்தான் பட்டறையைத் திறக்கவில்லை. நான் மட்டும் செம்பூர்ப் பக்கம் போனேன். சயானிலிருந்து குர்லா, அங்கே ஹார்பர் லைன் மாறினால் திலக் நகர். அங்கே ஒரு நண்பர் வீட்டு மாடியில், அதே பிற்பகல் நேரத்தில் மூன்றாவது தாள். கடலிலிருந்து அவ்வளவு தூரம் ஊரைக் கடந்து வந்த காற்றில் தாள் பழுப்பேறியிருந்தது.

சென்னை திரும்பிச் சில வாரங்களில் முடிவு வந்தது. கடல் நீரில் ஒரு பங்கு சோடியத்துக்கு எடையில் சுமார் 1.8 பங்கு குளோரைடு இருக்கும். மாஹிம் பிற்பகல் தாளில் அந்தக் கணக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது. திலக் நகரில் குறைந்திருந்தது. மாஹிம் காலைத் தாளில் இருக்க வேண்டிய குளோரைடில் பாதிக்கும் மேல் காணவில்லை; நைட்ரேட்தான் நிறைய. மூன்று தாள்களை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் அத்தானிடம் சொல்லியாக வேண்டும். போனில் கேட்டுக்கொண்டார். “சரி மாப்ள,” என்று வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பக்கத்துச் சந்தில் ஒருவர், இருமலில் கிடக்கும் மனைவியை விடியற்காலையில் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறாராம். “சொன்னா சிரிக்கான். நீதான் என்னமோ எழுதுவியே, எழுதிப் போடு. படிச்சுக் காட்டுதேன்.”

ஆகவே எழுதுகிறேன். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மும்பையில் கடல் காற்றுக்காகக் கரைக்குப் போவதென்றால் காலையில் போகாதீர்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் போங்கள், இருட்டும் முன் திரும்பிவிடுங்கள். கடலைப் பார்த்து நிற்கும்போது காற்று முகத்தில் பட வேண்டும். மூச்சு நோய் உள்ளவர்கள் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இது மருந்து இல்லை.

போனை வைக்கும் முன் அத்தான் இன்னொன்றும் சொன்னார். “உங்க அக்கா பேரப் போடாத மாப்ள. நேரத்த மட்டும் போடு.”