ரோட்டுல ஆடுற வெள்ளைக் கோடும் டிரைவர் சீட்டும்

நான் செய்யுற போன் கேம்ல எங்க கம்பெனி பஸ்ஸை வல்லம் வடகால்ல இருந்து, பேக்டரிங்க நெறைஞ்ச ஒரகடம் வரைக்கும் ஓட்டணும்.

கொஞ்ச நாளா ஒரே தொல்லை. தூரத்துல ரோட்டு மேல கீற வெள்ளைக் கோடு மினுக் மினுக்குனு ஆடும்.

காரணம் தெரியும். எது முன்னாடி, எது பின்னாடின்னு பார்க்க போன் எல்லாத்துக்கும் தூரக் கணக்கு வெச்சுக்கும். கேமுக்குள்ள நம்ம கண்ணா இருக்கற கேமராவோட மூக்கு நுனியில இருந்தே கணக்கை ஆரம்பிச்சா, துல்லியம் பூரா கிட்டயே செலவாயிடும். தூரத்துல ரோடு எது, கோடு எதுன்னு அதுக்கே புரியாது.

கணக்கோட ஆரம்பத்தைத் தள்ளி வெச்சா கோடு சரியாவுது, ஆனா அதுக்கும் கிட்ட இருக்கறது தெரியாமப் போயி டாஷ்போர்டு சாமி படத்து மாலை பாதி வெட்டுப்படுது. மாலை இருந்தே ஆவணும்னு சொன்னது எங்க பஸ் டிரைவர் பாபு அண்ணன். அவர் ஓகே சொன்னாதான் அப்லோடுன்னு வாக்கு வேற குடுத்துட்டேன்.

காலைல பஸ் கம்பெனி கேட்டாண்ட நின்னதும் அண்ணன்கிட்ட போனை நீட்டினேன்.

"இன்னாடா, இதுல நான் மூஞ்சியை கண்ணாடில ஒட்டிக்கினு ஓட்டறேன்? என் தொப்பை எங்கடா போவும்? சீட்டைப் பின்னாடி தள்ளு."

பஸ்ஸே சிரிச்சுது.

ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்து கேமராவைப் பின்னாடி இழுத்து, கணக்கையும் தள்ளி ஆரம்பிச்சேன். மாலை முழுசா கீது. கோடு ஆடாம நிக்குது. வீடியோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. "மாலை சூப்பர்டா. ஆனா ரோட்ல ஒரு லாரி கூட இல்லியே, இது ஒரகடமாடா?"

இன்னிக்கும் அப்லோட் இல்ல. கேம்ல போட கண்டெய்னர் லாரி மாடல் யாராண்டயாவது இருக்கா?