சேர்ந்து வாழ ஒரு சட்டம்

அமெரிக்காவின் டுலூத் நகரில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை பார்த்தவள் மாவிஸ். கணவன் விட்டுப்போன பின் இரண்டு பிள்ளைகளையும் ஒற்றையாளாக வளர்த்தாள். சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டிய வெர்ன் அவள் மனத்துக்குப் பிடித்தவன். ஞாயிறுதோறும் வருவான், பிள்ளைகளோடு சாப்பிடுவான், இருட்டுமுன் ஊரின் மறுகோடியிலிருந்த தன் அறைக்குத் திரும்பிவிடுவான்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கல்யாணமாகாமல் அவன் தங்குவது மாவிஸுக்குச் சம்மதமில்லை. கல்யாணம் செய்துகொண்டாலோ, வரிக்கணக்கில் இருவர் வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டிவிடுவார்கள். பிள்ளைகளுக்காக அவளுக்கு ஆண்டுதோறும் பணமாகவே கிடைத்துவந்த வரிச்சலுகையில் பெரும்பகுதி போய்விடும். குளிர்காலத்தில் வீடு சூடாக இருந்ததே அந்தப் பணத்தில்தான்.

"பேசாம கட்டிக்கலாம் மாவிஸ். இருக்கறத வச்சு ஓட்டிக்கலாம்."

"ஜனவரியில ஹீட்டர் நின்னுபோச்சுன்னா உன் காதலயா கொளுத்திக் குளிர்காயறது?"

சிரித்துக்கொள்வார்கள். ஆனால் அவன் வண்டி ஏரிப்பக்கம் திரும்பி மறையும்வரை ஜன்னலை விட்டு நகரமாட்டாள்.

வரிச்சட்டத்தைத் திருத்துவதற்குச் சட்டமன்றக் குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது என்று தொழிற்சங்கத்தில் சொன்னார்கள். மாவிஸ் லீவு போட்டுவிட்டு மாநிலத் தலைநகரான செயின்ட் பாலுக்கு பஸ் ஏறினாள்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. "பையனுக்குக் காய்ச்சல்னா எழுப்பறதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணும் சார். ஆள் இருக்காரு. உங்க வரிதான் அவர வாசலோட நிறுத்தி வச்சிருக்கு."

அந்த வருடம் மசோதா தோற்றது. அடுத்த முறையும் மாவிஸ் போய்ப் பேசினாள்; அப்போதும் தோற்றது. மணமானவர்களுக்குச் சலுகை குறையத் தொடங்கும் வருமான வரம்பை உயர்த்தி ஒருவழியாகச் சட்டம் வந்தபோது, மாவிஸின் இளையவனும் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டான். சலுகையே இனி அவளுக்கில்லை.

"நமக்கு உதவாத சட்டத்துக்கா இத்தன அலைச்சல் அலைஞ்சே?" என்றான் வெர்ன், பெட்டியைக் கூடத்தில் இறக்கியபடி.

"வாய மூடிக்கிட்டு உள்ள வா."

அந்தக் கோடையில் மணந்துகொண்டார்கள். இலையுதிரும் காலத்தில், அவளோடு வேலை செய்யும் டெஸ்ஸாவும் ஒருவனைக் கைப்பிடித்தாள். அவளுக்குச் சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். புதுச் சட்டத்தால் அவர்கள் எதையும் இழக்கவில்லை. விருந்து முடிந்ததும், தூங்கிப்போன குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாப்பிள்ளை மெதுவாகப் படியிறங்கினான். குழந்தையின் ஒரு ஷூ கழன்று விழுந்தது.

மாவிஸ் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"என்ன பாக்கறே?" என்றான் வெர்ன்.

"நம்ம பசங்க உன் தோள்ல இப்படித் தூங்கினதே இல்ல," என்றாள்.

வெர்ன் அவள் கையைத் தன் கோட்டுப் பைக்குள் இழுத்து வைத்துக்கொண்டான்.