காட்சிக்கு வைத்த பட்டடை

என் மச்சினன் செய்ததைப் பட்டடை என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. மனைவியின் தம்பி அவன். தானா ராத்தா டவுனில் ஹோட்டல்களுக்கு இரும்புக் கேட் செய்கிறவன். எங்கள் எஸ்டேட் தேநீர்க் கடைக்கு வரும் கோலாலம்பூர்க்காரர்கள் படம் பிடிக்க, கத்தி வைத்துத் தட்டும் சின்னப் பட்டடை ஒன்று வேண்டுமென்று மேனேஜர் துரை அவனைக் கேட்டிருக்கிறார். தொழிற்சாலைப் பட்டறையில் இருபது வருடமாக வேகிற நான் அவர் கண்ணில் படவில்லை. இரும்பைப் பற்றி அந்தத் துரைக்குத் தெரிந்ததெல்லாம் தன் கார் இரும்பில் செய்தது என்பதுதான்.

சின்னப் பட்டடை உள்ளங்கை அகலம் இருக்கும். மலைச்சரிவில் ஒரு மரக்கட்டையில் அடித்து நிறுத்தி, கல்லில் பட்டு மடங்கிய கவ்வாத்துக் கத்தியை அங்கேயே தட்டி நிமிர்த்துவார்கள். ஆள் பற்றாமல் இப்போது தேயிலைச் செடி வெட்டும் அந்தக் கவ்வாத்து வேலைக்குப் பெண்களும் போகிறார்கள், என் மனைவி உட்பட. பட்டடைக்கு உடம்பு சாதா இரும்பு, முகம் லோரி ஸ்பிரிங்கில் வெட்டிய எஃகு. இரண்டையும் வெங்காரம் தூவி, பொறி பறக்கக் காய்ச்சி, ஒரே மூச்சில் அடித்து ஒட்டவேண்டும். சூடு தணிந்தபின் அடித்தால் ஒட்டாது, ஒட்டியதுபோல் நடிக்கும்.

மச்சினனுக்கு நெருப்பே தேவைப்படவில்லை. எஃகுத் தகட்டை மேலே வைத்து ஓரத்தைச் சுற்றி மட்டும் வெல்டிங் போட்டு, கிரைண்டரில் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டான். சவப்பெட்டி மாதிரி பளபளத்தது. துரை அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

சும்மா விடுவேனா? மூன்று நாள் முன்பு நான் செய்து கவ்வாத்துக் காட்டுக்கு அனுப்பிய பட்டடையை வரவழைத்து, கடை மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். லோரி பேரிங் உருண்டை ஒன்றை அவனுடையதன்மேல் போட்டேன்; முகம் உடம்போடு முழுக்க ஒட்டியிருந்தால் அது துள்ளும். தொப்பென்று செத்து விழுந்தது. என்னுடையதன் நடுவில் போட்டேன். கணீரென்று என் கைக்கே திரும்பி வந்தது. எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மச்சினன் கோபப்படவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. உருண்டையை வாங்கி என் பட்டடையின் இடது மூலையில் போட்டான். தொப். துரை அதற்குள் போனில் பேசப் போய்விட்டார், கிராணி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் நன்றாகக் கேட்டது.

அது எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் அசிங்கம். செய்த அன்று அந்த மூலை சூடு தணிந்து கறுத்துப்போயிருந்தது. மழைக்கு முன் வீட்டுக்குப் போகலாமென்று, மறுபடி காய்ச்சாமல் நாலு அடி கூடப் போட்டு முடித்துவிட்டேன்.

"ஓரந்தானே, ஓரத்துல யாரு அடிப்பா?" என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கத்தி மூக்க அங்கதான் மாமா நிமித்துவாங்க. தகடு எகிறுனா அக்கா மூஞ்சிலதான்லா அடிக்கும்."

என் பட்டடையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு நடந்தேன்.

அவனுடையது இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது. அதன் அடியில் 'காட்சிக்கு மட்டும், இதில் அடிக்கக் கூடாது' என்று ஓர் அட்டை. எழுதி வைத்தவன் அவனே. என்னுடையதில் நான் எதுவும் எழுதவில்லை. மூன்று நாள் என் மனைவி அதில் கத்தி தட்டியிருக்கிறாள்.