தூரோடு பிடுங்கச் சொன்னவர்

வெள்ளைச்சாமி இறந்துவிட்டார் என்று குன்றக்குடிப் பேருந்தில் வரும்போது போன் வந்தது. சொன்னவர் எங்கள் ஊரில் மரம் ஏலம் எடுக்கும் காண்டிராக்டர். அவர் குரலில் துக்கமே இல்லை. எனக்கும் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

கண்மாய்ச் சங்கத்தில் வெள்ளைச்சாமி தலைவர், நான் செயலாளர். அவரை எனக்குப் பிடிக்காது. கூட்டத்தில் ஒருவரையும் பேச விடமாட்டார். டீ ஆறியிருந்தால் அதற்கும் வைவார். ஆனால் அவர் சாவுக்கு ஊர்க்காரர்கள் நீங்கள் வைத்த ஃபிளெக்ஸில் ‘நீர் காத்த நாயகர்’ என்று படித்ததும் அவர்மேல் இருந்த கோபம் முழுக்க உங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் சீமைக்கருவேலை மண்டிக் கிடக்கிறது. அதை ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் சாமிக்கு மண்குதிரை செய்து புரவியெடுப்புத் திருவிழா நடத்துவது நம் வழக்கம். காண்டிராக்டர் முழங்கால் உயரம் விட்டுத்தான் வெட்டுவார். விட்ட தூர் அடுத்த மழைக்குப் புதராகிவிடும். அடுத்த ஏலத்துக்கு மரம் தயார், தண்ணீருக்குத்தான் வழியில்லை.

ஒரு வருஷம் வெள்ளைச்சாமி ஜேசிபியைக் கொண்டுவந்து தூரைத் தோண்டத் தொடங்கினார். சாமி காரியத்தைக் கெடுக்கிறார் என்று ஊர் திரண்டு மறித்தது. அவர் வரத்துக்காலுக்குள் நின்றபடியே கேட்டார்: “குதிரையத் தோள்ல தூக்கிட்டு வாரீக. அது குடிக்கக் கண்மாயில தண்ணி இருக்கான்னு பாத்தீகளா?”

பதிலுக்கு ஜேசிபியைத்தான் திருப்பி அனுப்பினீர்கள். கடைமடையில் இருந்த அவர் வயல் அதன் பிறகு விளையவே இல்லை.

அவர் சிதைக்கு விறகு காண்டிராக்டர் உபயம். வரத்துக்கால் மரந்தான் என்று பெருமையாக வேறு சொன்னார். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது போய்ப் பார்த்தேன். பச்சை வெட்டு காயாமல், முழங்கால் உயரத்துக்குத் தூர்கள் நின்றன. அந்த மனுஷனை எரிப்பதற்குக்கூட உங்களால் ஒரு மரத்தை வேரோடு எடுக்க முடியவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்க் கடப்பாரையைக் கேட்டேன். அவர் மனைவி எடுத்துக் கொடுத்தார். “அவுக வசவையெல்லாம் நீங்கதான் வாங்குனீக. இதையும் நீங்களே வச்சுக்கிருங்க” என்றார்.

ஒரே ஒரு தூரைப் பெயர்க்க மதியமாகிவிட்டது. தோண்டத் தோண்ட உங்களை வைதுகொண்டே இருந்தேன். எல்லாம் அவருடைய வார்த்தைகள்தான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் கடப்பாரையும் அந்தக் கெட்ட வாயும். அடுத்த ஏலத்தன்று இரண்டோடும் வருவேன்.